மூக்குக்கு நீலம்

பக்கத்து மேசையில் யாராவது கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தால் பொம்மைக்காரரின் கை சும்மா இருக்காது. அனுமதி கேட்கிற வழக்கமும் இல்லை. குனிந்து, மவுஸை வாங்கி, திரையில் சின்னதாகத் திறந்திருக்கும் விண்டோவின் மூலையைப் பிடித்து ஓரம் வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் நிமிர்வார். "பெருசா வெச்சுப் பாருங்க. சின்னதா வெச்சா ஏமாந்துடுவோம்." கணக்குப் பிரிவில் ஒரு பெண் வேலை நேரத்தில் ரகசியமாகச் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இந்த உபகாரத்தைச் செய்தார். செருப்பு திரை முழுக்க விரிந்தது, பின்னால் வந்துகொண்டிருந்த மேலாளரும் அதைப் பார்த்தார். "நல்ல மனுஷன்தான், எங்கயோ ஒரு ஸ்க்ரூ லூஸ்" என்று அவள் இன்றைக்கும் சொல்வதில் தப்பே இல்லை.

ஸ்க்ரூக்களை இறுக்குவதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. கார்களைச் சுவரில் மோதவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்கிற சோதனைக்கூடம் அது. உள்ளே இருப்பவர்கள் என்றால் பொம்மைகள். அந்தப் பொம்மைகள் அவர் பொறுப்பு. கையை முன்னால் நீட்டிவிட்டால் அது தன் கனத்தைத் தானே தாங்கி நிற்க வேண்டும், விரலால் லேசாகத் தட்டினால் விழ வேண்டும். அந்தப் பதம் வரும்வரை தோளையும் முழங்கையையும் திருகிக்கொண்டே இருப்பார். ஊருக்கு அவர் பொம்மைக்காரர். பொம்மைகளின் சட்டை நிஜாரை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துப்போடுகிற ஆள் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கொடியில் பெரிய நிஜார், அதற்குப் பக்கத்தில் மூன்று வயசுப் பிள்ளையின் நிஜார். வீட்டில் இருப்பதோ கல்யாணம் செய்துகொள்ளாத அவரும் அவருடைய அக்காவும் மட்டும். புதிதாகக் குடிவருகிறவர்கள் கொடியைப் பார்த்துவிட்டு, பிள்ளை எங்கே என்று அக்காவிடம் கேட்பார்கள். "ஆபீஸ்ல இருக்கான்" என்பார் அக்கா, முகம் மாறாமல்.

மூன்று வயசு அளவுப் பொம்மைக்குக் குட்டி என்று பெயர். மோதுவதற்கு முன்னால் எல்லாப் பொம்மைகளுக்கும் முகத்தில் சாயம் தடவுவார்கள். மோதிய பிறகு எந்தச் சாயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், முகத்தின் எந்தப் பக்கம் எதில் இடித்தது என்று தெரிந்துவிடும். நெற்றிக்குச் சிவப்பு, தாடைக்கு மஞ்சள், மூக்குக்கு நீலம். மற்றவர்கள் பிரஷ்ஷால் தடவுவார்கள். அவருக்குக் கட்டைவிரல்தான். சீட்டின் வார்களை இறுக்கி, விரல் விட்டுப் பார்த்து, மறுபடி இறுக்கி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மூக்கில் ஒரு இழுப்பு. "அவ்வளவுதான் ராஜா, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். அதைக் கேட்டுப் பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர் கவலைப்பட்டதில்லை.

ஒரே ஒரு சோதனையின்போது மட்டும் அவர் அறையில் நிற்கவில்லை. பெரிய பொம்மையின் மடியில் குட்டியை உட்காரவைத்து, அம்மா பிடித்துக்கொள்வதுபோலக் கைகளைச் சுற்றிவிட்டு ஓட்டிய சோதனை அது. எல்லோரும் படத்தை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அவர் வெளியே போய்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். மோதுகிற நேரத்தில் எந்தக் கையும் நிற்காது. பிள்ளை முன்னால் போகும், அம்மாவின் மொத்த உடம்பும் பிள்ளை மேல் வந்து விழும். பிள்ளைதான் அம்மாவுக்கு மெத்தை. படம் பார்த்துத்தான் இது தெரிய வேண்டுமா என்ன.

வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்து, பிரித்துப் பார்த்து, மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களுக்கு அவர் ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறார். பெயர் 'கோடு'. பொம்மையின் தலையிலும் நெஞ்சிலும் இருக்கும் கருவிகள் மோதலின்போது அனுப்பும் எண்களை அது வாங்கி, திரையில் ஒரு வளைகோடாக வரைந்து காட்டும். அந்தக் கோட்டின் உச்சம் எவ்வளவு என்று ஓரத்தில் ஒரு எண்ணும் போடும். சோதனைக்கூடம் இதற்கென்று காசைக் கொட்டி வேறொன்றை வாங்கி வைத்திருக்கிறது. காசில்லாத சின்னப் பட்டறைக்காரன் என்ன செய்வான், அவனும் சோதித்துப் பார்க்கட்டுமே என்றுதான் இதை எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்தார். எவர் எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. பேர் ஊர் கேட்காமல் கொடுப்பதுதான் இதில் அழகே என்று அக்காவிடம் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறார். அந்தப் பெருமை இப்போது அவரைத் தூங்கவிடுவதில்லை.

நடந்தது இதுதான். எங்கிருந்தோ ஒருவர் எழுதியிருந்தார்: என் கம்ப்யூட்டர் பழசு, உங்கள் கோடு ரொம்ப மெதுவாக ஓடுகிறது, விண்டோவை நகர்த்தினால் அப்படியே உறைந்து நிற்கிறது. பாவம் என்று இவர் உட்கார்ந்து ஒரே உட்காரலில் அதைச் சரிசெய்துவிட்டார். கருவி ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் புள்ளிகள் அனுப்பும், திரையில் அவ்வளவுக்கு இடம் கிடையாது. அதனால் விண்டோவின் அகலத்துக்குத் தகுந்தபடி நடுநடுவே புள்ளிகளை விட்டுவிட்டு வரையட்டும் என்று மாற்றினார். கோடு சிட்டாகப் பறந்தது. நன்றி என்று அந்த ஆள் எழுதினார், இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஓரத்தில் போடும் உச்ச எண்ணும் வரைந்த புள்ளிகளிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பது அவர் நினைவிலிருந்து நழுவிவிட்டது. விண்டோ சின்னதாக இருந்தால் உச்சமே விட்டுப்போகலாம். சோதித்துப் பார்க்காமல் இல்லை, நாலு நாள் சோதித்தார். சுவர் அகலத்துக்கு இருக்கும் சோதனைக்கூடத் திரையில், விண்டோவை முழுசாக விரித்து வைத்துச் சோதித்தார். அதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு மெயில் வந்தது. காரில் பிள்ளைகளை உட்காரவைக்கும் பேபி சீட் செய்கிற சின்ன கம்பெனி ஒன்றின் பொறியாளன் எழுதியிருந்தான். உங்கள் மென்பொருள் இல்லையென்றால் நாங்கள் சோதனையே செய்திருக்க முடியாது, எங்கள் சீட் பாஸாகிவிட்டது, கடைகளுக்கும் போய்விட்டது, ஏழைபாழைகள் வாங்குகிற விலை, உங்களுக்கு எங்கள் எல்லோருடைய நன்றியும். கூடவே திரையைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான். மடிக் கம்ப்யூட்டர், அதில் உள்ளங்கை அளவு விண்டோ. தலையில் விழும் அதிர்ச்சி எண்பதைத் தாண்டக் கூடாது, எழுபத்திரண்டு என்று காட்டியது. அவர் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. கோட்டின் உச்சியைப் பார்த்தார். கத்தரித்த மாதிரித் தட்டையாக இருந்தது. தலை இடிபடும் கோடு அப்படி வரவே வராது. அசல் கோப்பை அனுப்பச் சொன்னார், பையன் பெருமையாக அனுப்பினான். அவர் அதைத் திறந்து விண்டோவின் மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். இழுக்க இழுக்க எண் ஏறிக்கொண்டே போனது. ஓரம் தொட்டபோது தொண்ணூற்றி நாலு.

அன்றைக்கே பிழையைத் திருத்திப் புதுப் பதிப்பை வைத்தார். பழையதைப் பயன்படுத்தாதீர்கள் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டார். எடுத்துக்கொண்டு போனவர்கள் எதற்குத் திரும்ப வந்து முதல் பக்கத்தைப் பார்க்கப்போகிறார்கள்? பையனுக்கு எழுதினார். பையனிடமிருந்து பதில் இல்லை, கம்பெனி மேலாளர் போனில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், பாஸுன்னு சொன்னதும் உங்க சாஃப்ட்வேர்தான். ஃபெயிலுன்னு சொல்றதும் உங்க சாஃப்ட்வேர்தான். நாங்க எதை நம்புறது, சொல்லுங்க."

புதுசை நம்புங்கள் என்றார் இவர். அடுத்த மாசம் இன்னும் புதுசாக ஒன்று வராதா என்று கேட்டார் அவர். அப்புறம் குரலைத் தணித்து ஆறுதலும் சொன்னார்.

"நீங்க ஏன் பதறுறீங்க? எந்த உத்தரவாதமும் கிடையாதுன்னு நீங்களே எழுதித்தானே கொடுத்திருக்கீங்க. உங்க மேல ஒண்ணும் வராது."

இலவச மென்பொருள் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் அந்த வாசகத்தை இவர் அதுவரை படித்துப் பார்த்ததுகூட இல்லை. போனை வைத்துவிட்டு அக்காவிடம், "என் மேல ஒண்ணும் வராதாம்க்கா" என்று சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

போகாத இடமில்லை. அரசு அலுவலகத்தில் ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கார்களுக்குச் சட்டம் இருக்கிறது, பேபி சீட்டுக்கு இன்னும் வரவில்லை, வரட்டும் பார்க்கலாம் என்றார். சோதனைக்கூட மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கடையில் ஒரு சீட் வாங்கிவந்து, வேறொரு சோதனை ரத்தான இடைவெளியில் குட்டியை உட்காரவைத்து ஓட்டினார். முன் இருக்கையின் முதுகில் நீலமாக ஒரு கோடு விழுந்திருந்தது. மூக்கு அங்கே வரைக்கும் போயே இருக்கக் கூடாது. எண்ணும் தொண்ணூறைத் தாண்டித்தான் நின்றது. மேலாளர் அந்த நீலக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பார்த்தாச்சு இல்ல? யாரும் நமக்கு இந்த வேலையைக் குடுக்கல. நம்ம பேர்ல இதை வெளிய பேசாதீங்க" என்றார். கெட்ட மனுஷன் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

அதிலிருந்துதான் இந்தக் கிறுக்கு. சனிக்கிழமை தவறாமல் கார் சாமான் கடைக்குப் போய் அந்த சீட் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் வாங்குவார். வீட்டுக்குக் கொண்டுவந்து வார்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். வாரை வெட்டாமல் போட்டால் குப்பையிலிருந்து எவராவது எடுத்துக்கொண்டுபோய் மாட்டிவிடுவார்களாம். முன்னறையில் வாரில்லாத குட்டி நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஜன்னலை மறைத்துவிட்டன. கடைவாசல்களில் நிற்கும் கார்களில் கண்ணாடியோடு கண்ணை ஒட்டிவைத்துப் பின்சீட்டைப் பார்க்கிறார். ஒருமுறை திருடன் என்று பிடித்துக்கொண்டார்கள், அடையாள அட்டையைக் காட்டித் தப்பித்து வந்தார். இத்தனைக்கும் கம்பெனிக்காரனுக்கு வியாபாரம் நன்றாக நடக்கிறது என்றுதான் அர்த்தம், இன்னும் நாலு செய்து அனுப்பப்போகிறான். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். வேறு எதைச் செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். அக்கா திட்டிப் பார்த்து, கேலிசெய்து பார்த்து, கடைசியில் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "இல்லாத பிள்ளைக்கு வாங்குற. வாங்கினதையும் வெட்டுற. எனக்கு பயமா இருக்குடா." அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

கடைக்காரருக்கு அவர் மேல் ஏகப்பட்ட மரியாதை. இத்தனை பேபி சீட் எதற்கு என்று முதலில் துருவியவரிடம், இல்லாத வீடுகளுக்குக் கொடுக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். உண்மையைச் சொல்லிப் பார்க்காமல் இல்லை, இரண்டாவது வாரமே சொன்னார். "நாலு காசு கம்மியா இருந்தா மட்டம்னு சொல்லிடுவாங்க சார், நீங்க அதையெல்லாம் காதுல வாங்காதீங்க" என்று அவருக்கே தேறுதல் சொல்லி அனுப்பிவிட்டார் கடைக்காரர். வாங்குகிறவரே குறை சொன்னால் யார்தான் நம்புவார்கள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறப்பதில்லை. புண்ணியவான் வந்துட்டார் என்று கடைக்காரர் குரல் கொடுப்பார், இவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்வார்.

போன சனிக்கிழமை மத்தியானம் கடையில் ஒன்றுதான் இருந்தது. அதைக் கொண்டுபோய்த் தன் கார் டிக்கியில் போட்டுவிட்டு, பாக்கிச் சில்லறைக்குத் திரும்ப உள்ளே வந்தார். ஒரு புருஷன் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் இரண்டு இரண்டரை வயசில் ஒரு பையன், வாயில் அவளுடைய சாவிக்கொத்து. அந்த சீட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தீர்ந்துபோச்சு, வேற கம்பெனி சீட் ஆர்டர் போட்டால் வர ஒரு மாசம் ஆகும் என்றார் கடைக்காரர். பிறகு இவரைக் காட்டி, "கடைசியா இருந்ததை இப்பதான் சார் எடுத்தாரு" என்றார், பெருமையாக.

அந்தப் பெண் இவரைப் பார்த்துச் சிரித்தாள். கோபமே இல்லை. "பரவாயில்லங்க. அம்மா வீடு வரைக்கும்தான். மடியில வெச்சுக்கறேன்."

மெயின் ரோடில் போகணுமா என்று கேட்டார். ஆமாம், சாயங்காலத்துக்குள் போய்விடுவோம் என்றான் புருஷன். போன வாரமும் இங்கே வந்தோம், அப்போதும் இல்லை என்றான். போன வாரம் இருந்தது எல்லாம் முன்னறை ஜன்னலை மறைத்துக்கொண்டு, வாரில்லாமல் கிடக்கிறது. எத்தனை பேர் இப்படி வந்து கேட்டுவிட்டு, பரவாயில்லை என்று சிரித்துவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனார்களோ. ஒரு சனிக்கிழமைகூட அவர் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

நல்ல கம்பெனி சீட் ஒன்றுக்கு இவர்கள் பேரில் ஆர்டர் எழுதிக்கொள்ளுங்கள், பணம் நான் கட்டுகிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னார். ஆனால் அது வர ஒரு மாசம் ஆகும், இவர்கள் இப்போது கிளம்புகிறார்கள். வெளியே போய் டிக்கியைத் திறந்து, இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் தயங்கினார்கள். அப்போதும் அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இது நல்ல சீட் இல்லம்மா. நான் சோதனை பண்ணிப் பார்த்திருக்கேன். தலைக்குத் தாங்காது."

அந்தப் பெண் அவரையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பைத்தியமோ என்றுகூட நினைத்திருப்பாள். பிறகு நியாயமான ஒரு கேள்வி கேட்டாள்.

"மடிய விட மோசமா?"

அவருக்குக் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்ற அந்த நாள் ஞாபகம் வந்தது.

"இல்லம்மா. மடிய விட நல்லதுதான்."

"அப்ப மாட்டிக் குடுத்துடுங்க."

மாட்டினார். பின்சீட்டில் முழங்காலை ஊன்றி உடம்பின் கனத்தை முழுக்க அதன் மேல் போட்டு, கார் பெல்ட்டை இழுத்தார். ஆட்டிப் பார்த்தார், அசைந்தது, மறுபடி ஊன்றி மறுபடி இழுத்தார். பையனை உட்காரவைத்தார்கள். வாரை மாட்டி, தோளெலும்புக்கும் வாருக்கும் நடுவில் விரல் விட்டார். ஒரு விரல் போனது. இழுத்தார். விரல் நுனி போனது. இன்னும் இழுத்தார். வலிக்கப்போகிறது என்றான் அப்பா. வலிக்காது, இப்படித்தான் இருக்கணும், ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி இறுக்குங்க, மறந்துடாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஒன்றையே மூன்று தடவை சொன்னார். வாரில் தளர்வு இல்லாவிட்டால் அந்தத் தொண்ணூற்றி நாலு கொஞ்சம் இறங்கும். எண்பதுக்கு வராது. கொஞ்சம் இறங்கும்.

பையன் சாவிக்கொத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரையே பார்த்தான். எல்லாம் இறுக்கியாகிவிட்டது, இனிமேல் அங்கே அவருக்கு வேலை இல்லை. "அவ்வளவுதான் ராஜா, முடிஞ்சுது" என்றார். சொன்ன வாயோடு அவருடைய கட்டைவிரல் பையனின் மூக்கை நோக்கிப் போய், தொடுவதற்கு முன்னால் அப்படியே நின்றது. பையன் விளையாட்டு என்று நினைத்து அந்த விரலைப் பிடிக்க வந்தான். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார்கள், கார் வளைந்து தெருவில் இறங்கியது. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் அவர் அங்கேயே நின்று, சாயம் எதுவும் ஒட்டாத அந்தக் கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.